பிழையில் பிறந்த மேல்சுரம்: அல்லெக்ரியின் ‘மிசரேரே’யும் கிங்ஸ் கல்லூரிப் பாடகர் குழுவின் 1963ஆம் ஆண்டு ஒலிப்பதிவும்

ஆய்வுச் சுருக்கம்

ரோம் நகரின் சிஸ்டைன் சிற்றாலயத்திற்காக 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கிரகோரியோ அல்லெக்ரி இயற்றிய ‘மிசரேரே’, மறுமலர்ச்சிக்காலப் பல்குரலிசை மரபின் புகழ்பெற்ற ஆக்கங்களுள் ஒன்றாக இன்று கருதப்படுகிறது. அதன் அடையாளமாகவே ஆகிவிட்ட உச்சச்சுரம் மூல ஆக்கத்தில் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் நேர்ந்த ஒரு பதிப்புப் பிழை, 1951ஆம் ஆண்டுப் பதிப்பொன்றில் நிலைபெற்று, 1963இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிப் பாடகர் குழு செய்த ஒலிப்பதிவின் வழியாக உலக வழக்காகியது. இக்கட்டுரை அந்தப் பாட வரலாற்றைத் தொகுத்து, அவ்வொலிப்பதிவை எந்தக் காலத்தின் சான்றாகக் கொள்வது என்னும் வினாவை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பல்குரலிசை, மிசரேரே, பாடவேறுபாடு, சிறுவர் பாடகர் குழு, ஒலிப்பதிவு வரலாறு.

முன்னுரை

1963ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயத்தில், டேவிட் வில்காக்ஸின் தலைமையில் ஓர் ஒலிப்பதிவு நடைபெற்றது. பாடியோர் அனைவரும் இளையோர்: மேற்குரல் பகுதியைக் கல்லூரியைச் சார்ந்த பள்ளியின் சிறுவர்களும், ஏனைய குரல்களைப் பல்கலைக்கழக மாணவர்களும் பாடினர். தனிக்குரலாக மிக உயர்ந்த சுரங்களைப் பாடிய ராய் குட்மனுக்கு அப்போது வயது 12. ஆர்கோ நிறுவனம் வெளியிட்ட அந்த இசைத்தட்டு, குறுகிய வட்டத்தாரே அறிந்திருந்த ஒரு தேவாலயப் பாடலைப் பொதுமக்களின் செவிக்குக் கொண்டுசேர்த்தது. அதன்பின் அல்லெக்ரியின் ‘மிசரேரே’ என்றாலே, நான்கு குரல்களுக்கு மேலே ஒரு சிறுவனின் குரல் தனித்து எழுந்து மேல்ஸ்தாயி ‘சி’ என்னும் சுரத்தைத் தொட்டு இறங்கும் அந்த இடமே நினைவுக்கு வருவதாயிற்று. விநாடிக்கு ஏறத்தாழ 1046 அதிர்வுகள் கொண்ட அச்சுரம் ஆக்கம் முழுவதிலும் ஐந்து முறை வருகிறது. கேட்போர் காத்திருப்பது அந்த ஐந்து இடங்களுக்காகவே என்று சொன்னாலும் மிகையாகாது.

அச்சுரத்தை அல்லெக்ரி எழுதவில்லை. அவர் வாழ்ந்த காலத்துச் சிஸ்டைன் சிற்றாலயத்தில் அது பாடப்பட்டதற்கும் சான்றில்லை. பழம்பாடல்களின் பதிப்பு வரலாற்றில் பயின்றோர்க்கு இத்தகைய நிலை புதிதன்று. ஏடெழுதுவோர் கைப்பிழை ஒன்று பாடவேறுபாடாகி, பாடவேறுபாடு மூலபாடமாகக் கொள்ளப்படுவதும் உண்டு. இங்கே அப்பிழையை உறுதிப்படுத்தியது எழுத்தன்று, ஒலிப்பதிவு. அதனால் சிக்கல் சற்று வேறு உருக்கொள்கிறது.

ஆக்கமும் அதன் அமைப்பும்

அல்லெக்ரி 1582ஆம் ஆண்டையொட்டி ரோமில் பிறந்தவர். அந்நகரின் சான் லூயிஜி தேவாலயத்தில் சிறுவர் பாடகராக இருந்தபோது ஜொவான்னி பெர்னார்தினோ நானினோவிடம் பயின்றார். பாலஸ்திரீனாவின் வழிவந்த ரோமானிய இசைநெறி இவ்வாறே அவருக்கு வாய்த்தது. 1629இன் இறுதியில் திருத்தந்தையின் பாடகர் குழுவில் சேர்ந்து, 1652இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். ‘மிசரேரே’ 1630களில் இயற்றப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது.

கால அளவில் நோக்கினால் அது மறுமலர்ச்சிக் காலமன்று. மொந்தவெர்தியின் ‘ஓர்ஃபெயோ’ என்னும் இசைநாடகம் 1607இலேயே அரங்கேறிவிட்டது. இத்தாலிய இசை வேறு திசையில் நடக்கத் தொடங்கியிருந்தது. ஆயினும் திருத்தந்தையின் சிற்றாலயம் முந்தைய நூற்றாண்டின் நடையை மாறாமல் பேணியது. கருவியிசைக்கு அங்கே இடமில்லை, ஆர்கன்கூட இல்லை. மனிதக் குரல்கள் மட்டுமே. ஆகவே ‘மிசரேரே’ பிற்காலத்தில் எழுதப்பட்டாலும் முற்கால நெறியில் நிற்கும் ஆக்கம். இசைத்தட்டு அட்டைகள் அதனை மறுமலர்ச்சிக்கால இசை எனக் குறிப்பது முழுத் தவறன்று.

பாடலின் சொற்கள் திருவிவிலியத்தின் 51ஆம் சங்கீதம். தாவீது அரசன் தன் குற்றத்தை உணர்ந்து இரக்கம் வேண்டுவதாக அமைந்தது. புனித வாரத்தின் இறுதி நாள்களில் நிகழும் இருள் வழிபாட்டில் மெழுகுவர்த்திகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைக்கப்படும். அவ்வழிபாட்டின் முடிவில், மைக்கலாஞ்சலோவின் ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியம் இருளில் மறைந்திருக்கும் வேளையில், இச்சங்கீதம் பாடப்பட்டது.

அமைப்பு மிக எளியது. சங்கீதத்தின் 20 அடிகளை மூன்று தரப்பினர் பகிர்ந்துகொள்கின்றனர். 1, 5, 9, 13, 17 ஆகிய அடிகளை ஐந்து குரல்கள் கொண்ட குழுவும், 3, 7, 11, 15, 19 ஆகிய அடிகளை நான்கு குரல்கள் கொண்ட சிறுகுழுவும் பாடும். இடையிலுள்ள இரட்டைப்படை அடிகள் பழைய ஒற்றைக்குரல் ஓதல் முறையில் அமையும். இறுதி அடியில் இரு குழுக்களும் இணைந்து ஒன்பது குரல்களாகும். குழுப்பாடல் அடிகளிலும் பெரும்பகுதி ஒரே கூட்டுச்சுரத்தில் ஓதப்படுவதே. அடியின் இடைநிறுத்தத்திலும் இறுதியிலும் மட்டும் குரல்கள் அசைந்து முடிகின்றன. ‘ஃபால்சோபோர்தோனே’ எனப்படும் இம்முறையில் இயற்றுநர் உண்மையில் எழுதவேண்டியது சிறிதே. ஐந்து குரல்களுக்கு ஒரு வாய்பாடு, நான்கு குரல்களுக்கு ஒரு வாய்பாடு, இறுதிக்கு ஒரு முடிப்பு. ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடம் நீளும் இந்த ஆக்கத்தைச் சில வரி இசைக்குறிப்பில் அடக்கிவிடலாம்.

எழுதப்படாத பகுதி

அச்சில வரிகளை வைத்துக்கொண்டு பாடலை மீட்டெடுக்க இயலுமா என்னும் ஐயம் மிகப் பழையது. 18ஆம் நூற்றாண்டின் இசை வரலாற்றாசிரியர் சார்லஸ் பர்னி ஒரு செய்தியைப் பதிவுசெய்துள்ளார். பேரரசர் முதலாம் லியோபோல்ட் திருத்தந்தையிடம் வேண்டி ‘மிசரேரே’யின் படியொன்றைப் பெற்று வியன்னாவில் பாடச் செய்தாராம். கேட்டவர்க்கு அது மிகச் சாதாரணமான ஓதலாகவே தோன்றிற்று. வேறொரு பாடலைக் கொடுத்து ஏமாற்றிவிட்டனர் என்று பேரரசர் சினந்து எழுத, ரோமின் பாடகர் தலைவர் பதவியை இழந்தார். பின்னர் அவர் தந்த விளக்கம், இப்பாடலின் அழகு குறிப்பில் இல்லை, தம் பாடகர்கள் அதனைப் பாடும் முறையில் உள்ளது என்பதே. இச்செய்தி நுணுக்கங்கள் யாவிலும் உண்மையா என்று இன்று உறுதிசெய்ய வழியில்லை. எனினும் அக்காலத்தார் இப்பாடலை எவ்வாறு விளங்கிக்கொண்டிருந்தனர் என்பதற்கு அது நல்ல சான்று.

சிஸ்டைன் பாடகர்கள் எழுதப்பட்ட எளிய முடிப்புகளின்மீது அலங்கார அசைவுகளைச் சேர்த்துப் பாடினர். அவை தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக் கற்கப்பட்டவை. மேற்குரல்களைப் பாடியோர் வளர்ந்த ஆண்கள்: பொய்க்குரலில் பாடுவோரும், 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதற்கொண்டு, குரல் உடையாதிருக்கச் சிறுவயதிலேயே அறுவைக்கு உட்படுத்தப்பட்ட ‘கஸ்த்ராத்தி’ பாடகர்களும். அவர்களிடம் சிறுவனின் குரல்நாளங்களும் வளர்ந்தவனின் மூச்சுவலிமையும் ஒருங்கே இருந்தன. அவ்வழக்கத்தின் கொடுமையை இசையின் பெருமை கூறி மறைத்துவிட முடியாது. ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஒரே தனிப்பாடகர் அலெஸ்ஸாந்த்ரோ மொரெஸ்கி. 1902, 1904 ஆகிய ஆண்டுகளில் பதிவான அவர் குரல் மட்டுமே இன்று எஞ்சியுள்ளது.

இப்பாடலைப் படியெடுப்போர் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவர் என்று ஒரு தடை இருந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. 14 வயது மொசார்ட் 1770ஆம் ஆண்டுப் புனித வாரத்தில் அதனைக் கேட்டு நினைவிலிருந்து எழுதினார் என்னும் புகழ்பெற்ற நிகழ்ச்சியோடு அத்தடை பிணைந்துவிட்டது. சிறுவனின் தந்தை லியோபோல்ட் மொசார்ட் அவ்வாண்டு ஏப்ரல் 14 அன்று வீட்டிற்கு எழுதிய கடிதமே இதற்கு முதன்மைச் சான்று. மொசார்ட் எழுதிய படி கிடைக்கவில்லை. ரோமுக்கு வெளியே அதற்கு முன்பே படிகள் உலவியமையால், தடையின் கடுமையும் மறைபொருள் திருட்டு என்னும் சாயலும் மிகைப்படுத்தப்பட்டவை என்றே கொள்ளவேண்டும். அக்கடிதத்தில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு கருத்து உண்டு: பாடலின் விளைவுக்கு அதன் இயற்றலைவிடப் பாடும் முறையே மிகுதியான காரணம் என்று தந்தை குறிப்பிடுகிறார். வியன்னாப் பேரரசர் சினந்து கற்ற பாடத்தை அவர் ஒரே கேட்பில் கண்டுகொண்டார்.

பதிப்புகளின் பயணம்

பர்னி 1770இல் இத்தாலியில் பயணம் செய்து திரும்பி, 1771இல் இலண்டனில் சிஸ்டைன் புனித வார இசையை அச்சிட்டார். அதில் உள்ள ‘மிசரேரே’யில் அலங்கார அசைவுகள் இல்லை, வெற்று வாய்பாடுகள் மட்டுமே. இதற்கிடையே ரோமிலேயே பாடல் மாறிக்கொண்டிருந்தது. தொம்மாசோ பாயி 1714இல் அதே முறையில் மற்றொரு ‘மிசரேரே’ இயற்றினார். 1821இல் ஜுசெப்பே பாயினியின் ஆக்கமும் சேர்ந்தது. இவை புனித வார நாள்களில் மாறிமாறிப் பாடப்பட்டன. அல்லெக்ரியின் பாடலாக 19ஆம் நூற்றாண்டுப் பயணிகள் கேட்டது இருநூறு ஆண்டுகளின் படிவுகளைத் தன்னுள் கொண்டிருந்தது.

எழுதப்படாத அசைவுகளை முதன்முதலில் விரிவாக அச்சில் தந்தவர் பியெத்ரோ அல்ஃபியேரி என்னும் குருவானவர். 1840இல் வெளிவந்த அப்பதிப்பு, சிஸ்டைன் பாடகர்களின் மறைவான கலையைக் காக்கும் நோக்குடையது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னர், 1831இல், இளம் ஃபெலிக்ஸ் மெண்டல்சன் ரோமில் இப்பாடலைக் கேட்டுத் தாம் கேட்டவற்றைக் குறித்துவைத்தார். அவர் குறிப்பில் சுருதி வழக்கமான நிலையினும் நான்கு சுரம் உயர்ந்திருக்கிறது. துணைக்கருவி இல்லாத குழுவுக்குச் சுருதி நிலையானதன்று. குரலுக்கு ஏற்ப ஏற்றியும் இறக்கியும் பாடுவது அதன் இயல்பு. உயர்ந்த சுருதியில் முழுப்பாடலும் உயர்ந்திருந்தால் அதில் வியப்பேதும் இல்லை.

வியப்பு 1880இல் நேர்கிறது. ஜார்ஜ் குரோவ் தொகுத்த புகழ்பெற்ற இசை அகராதியின் முதற்பதிப்பில் ‘மிசரேரே’ பற்றிய கட்டுரையை எழுதியவர் டபிள்யூ. எஸ். ராக்ஸ்ட்ரோ, லைப்சிக் நகரில் மெண்டல்சனிடம் பயின்றவர். அக்கட்டுரையின் இசை எடுத்துக்காட்டில், நான்கு குரல் அடியின் ஒரு பகுதி இயல்பான சுருதியிலும், அதனைத் தொடரும் பகுதி நான்கு சுரம் உயர்ந்தும் அச்சாகிவிட்டது. இருவேறு சுருதிநிலைகளில் இருந்த குறிப்புகள் ஒரே அடியாக ஒட்டப்பட்டதே இதற்குக் காரணம் என்பது பிற்காலப் பதிப்பாய்வுகள் தரும் விளக்கம். இவ்வாறு ஒட்டியதன் விளைவாகத்தான் மேற்குரல் யாரும் எதிர்பாராத உயரத்துக்குத் தாவுகிறது. பாடல் ஒரே அடிக்குள் தன் ஆதாரச் சுருதியிலிருந்து திடீரென வேறொன்றுக்கு நகர்வதும் அதனால்தான். பாலஸ்திரீனா மரபில் ஊறிய ஓர் இயற்றுநர் இவ்வாறு செய்திருப்பார் என்று எண்ண இடமில்லை. கூர்ந்து கேட்போர்க்கு அந்த ஒட்டு இன்றும் புலப்படும்.

அகராதியிலேயே இருந்திருந்தால் அது ஓர் அச்சுப்பிழையாகவே முடிந்திருக்கும். 1951இல் ஐவர் அட்கின்ஸ், பர்னியின் அடிப்படைப் பாடத்தையும் ராக்ஸ்ட்ரோவின் எடுத்துக்காட்டையும் இணைத்து ஒரு நடைமுறைப் பதிப்பை உருவாக்கினார். வுஸ்டர் பேராலயத்தின் இசைத் தலைவராக 1897 முதல் 1950 வரை பணியாற்றியவர் அவர். பாடகர் குழுக்கள் எடுத்துப் பாடத்தக்க தெளிவான நூல் வேண்டும் என்பதே அவர் நோக்கம். இலத்தீன் சொற்களுக்கு மாற்றாக ஆங்கிலிக்க வழிபாட்டு நூலின் ஆங்கிலச் சங்கீதத்தை அவர் பொருத்தினார். அட்கின்ஸுக்குப் பின் 1950இல் வுஸ்டரில் அதே பொறுப்பை ஏற்றவர் டேவிட் வில்காக்ஸ். அவரே 1957இல் கிங்ஸ் கல்லூரிக்குச் சென்றார்.

கிங்ஸ் கல்லூரியின் குரல்

ஆறாம் ஹென்றி மன்னர் 1441இல் நிறுவிய கிங்ஸ் கல்லூரியில், சிற்றாலயத்தில் பாட 16 சிறுவர்கள் இருக்கவேண்டும் என்பது நிறுவனரின் விதி. அவ்வெண்ணிக்கை இன்றுவரை மாறவில்லை. கீழ்க்குரல்களை முற்காலத்தில் ஊதியம் பெறும் வயதுவந்த பாடகர்கள் பாடினர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அவர்களின் இடத்தில் உதவித்தொகை பெறும் மாணவர்கள் படிப்படியாக அமர்த்தப்பட்டனர். பேராலயக் குழுக்கள் பலவற்றில் ஐம்பது வயதுக் குரலும் பத்து வயதுக் குரலும் அருகருகே ஒலிக்கும். கிங்ஸில் அவ்வாறன்று, மூத்தவர்க்கே இருபதையொட்டிய வயதுதான். நடுக்கம் குறைந்த, மெலிந்த, ஒன்றோடொன்று எளிதில் கலக்கும் அந்த ஒலி, இவ்வயதமைப்பிலிருந்து பெருமளவு வந்தது.

மறு காரணம் கட்டடம். 1446இல் தொடங்கி 1515இல் முடிந்த அச்சிற்றாலயம் ஏறத்தாழ 88 மீட்டர் நீளமும் 24 மீட்டர் உயரமும் உடையது. அகலம் 12 மீட்டரளவே. உலகின் மிகப்பெரிய விசிறி வளைவுக் கற்கூரை அதன்மேல் நிற்கிறது. பாடி நிறுத்தியபின்னும் ஒலி பல விநாடிகள் அங்கே தங்கும். அத்தகைய இடத்தில் சுருதி சற்றே பிசகினாலும் பிசகு மறையாமல் சுழன்றுகொண்டிருக்கும். சொற்களை விரைந்து சொன்னால் ஒன்றன்மேல் ஒன்று படியும். போரிஸ் ஆர்டும் அவரைத் தொடர்ந்த வில்காக்ஸும் சுருதித் தூய்மையிலும் மெய்யெழுத்துகளை ஒருங்கே உச்சரிப்பதிலும் காட்டிய கண்டிப்பு அக்கட்டடத்தோடு வாழ்வதற்கான வழி. வில்காக்ஸ் இளமையில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் சிறுவர் பாடகராயிருந்தவர். 1944இல் நார்மண்டிப் போரில் காட்டிய துணிவுக்காக இராணுவ விருது பெற்றவர். கண்டிப்பு அவருக்குப் புதிதன்று.

பழைய பல்குரலிசை இங்கிலாந்தில் புத்துயிர் பெற்ற சூழலையும் இங்கே கருதவேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் கத்தோலிக்கப் பேராலயத்தில் ஆர். ஆர். டெர்ரி அந்த இசையை வழிபாட்டில் மீண்டும் நிலைநிறுத்தினார். 1922 முதல் 1929 வரை டியூடர் காலத் தேவாலய இசை பத்துத் தொகுதிகளாக அச்சாயிற்று. ஏடுகளில் உறங்கிய இசையைப் பதிப்பித்து, பாடி, பின்னர் பதிவுசெய்வது என்னும் வரிசை அக்காலத்திலேயே உருவாகிவிட்டது. கிங்ஸ் கல்லூரியின் கிறித்துமஸ் வழிபாடு 1928 முதல் வானொலியில் ஒலித்தமையால், அதன் குரல் ஒலிவாங்கிக்குப் பழகியும் இருந்தது.

1963 மார்ச்

1951இல் தொடங்கப்பட்ட ஆர்கோ நிறுவனம் 1957இல் டெக்காவின் உடைமையாயிற்று. ஸ்டீரியோ இசைத்தட்டு விற்பனைக்கு வந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. தொலைவையும் திசையையும் செவிக்கு உணர்த்தவல்ல அத்தொழில்நுட்பத்துக்கு, இரு குழுக்கள் எதிரெதிரே விடைசொல்லும் ‘மிசரேரே’யைப் போல் பொருத்தமான பாடல் வேறு கிடைப்பது அரிது. பதிவில் ஐந்து குரல் குழு அண்மையிலும், நான்கு குரல் குழு தொலைவிலிருந்தும் ஒலிப்பதாகக் கேட்கிறது. உயரும் குரல் எங்கிருந்து வருகிறது என்று சொல்லமுடியாத ஒரு வெளி அங்கே உண்டாகிறது.

குட்மன் பிற்காலத்தில் அந்நாளை நினைவுகூர்ந்திருக்கிறார். ரக்பி ஆடிவிட்டு முழங்காலில் சேறு உலராமல் நேராக ஓடிவந்து பாடியதாகவும், தனிக்குரலுக்குத் தாம் தேர்ந்தெடுக்கப்பட்டது கடைசி நேரத்தில்தான் என்றும் அவர் கூறியுள்ளார். அவர் எவ்வித நடுக்கமும் இன்றி அச்சுரத்தை எட்டுகிறார். எட்டியதைக் காட்டிக்கொள்ளவும் இல்லை. திரும்பத் திரும்ப வரும் ஐந்து இடங்களிலும் அதே இயல்பு. பயிற்சி பெற்ற வளர்ந்த பாடகர் ஒருவர் அச்சுரத்தைப் பாடும்போது அது ஓர் அருஞ்செயலாகத் தோன்றும். சிறுவனிடம் அது செயலாகவே தோன்றவில்லை. இவ்வொலிப்பதிவின் ஈர்ப்பு பெரும்பாலும் இதில்தான் அடங்கியுள்ளது.

பாடியது ஆங்கிலத்தில், அட்கின்ஸின் பதிப்பின்படி. திருத்தந்தையின் தனிச் சிற்றாலயத்துக்கென இலத்தீனில் எழுந்த பாடல், திருத்தந்தையிடமிருந்து பிரிந்த சபையின் கல்லூரியொன்றில், அச்சபையின் மொழியில் ஒலித்தது. அவ்வாண்டு டிசம்பர் 4 அன்று ரோமில் கூடியிருந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் கத்தோலிக்க வழிபாட்டில் மக்கள் மொழிகளுக்கு இடம் தந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றாலும், ஒன்பது மாத இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இலத்தீன் பல்குரலிசை அதன் பிறப்பிடத்தின் அன்றாட வழிபாட்டில் இடம் சுருங்கத் தொடங்கிய காலத்தில், வேறொரு சபையின் இளையோர் அதனை இசைத்தட்டின் வழியே இல்லங்களுக்குக் கொண்டுசென்றனர்.

எந்தக் காலத்தின் சான்று?

இவ்வொலிப்பதிவைக் கேட்டு 17ஆம் நூற்றாண்டு ரோமை அறிந்துகொண்டதாக எண்ணுவோர் ஏமாந்துபோவர். சுரம் பிற்காலத்தது, மொழி வேறு, பாடும் நாடும் சபையும் வேறு. குரலே வேறு. சிஸ்டைன் கேட்டது வளர்ந்த ஆண்களின் வலிய மேற்குரலும், அடிக்கு அடி மாறக்கூடிய அசைவுகளும். கிங்ஸில் அசைவுகள் ஒருமுறை அச்சிட்டபடியே ஐந்து முறையும் வருகின்றன. தூய்மை, மாசின்மை, விண்ணுலகின் ஒலி என்றெல்லாம் இசை விமரிசகர்கள் இதற்குச் சூட்டிய அடைமொழிகள், குழந்தைப் பருவத்தைக் குறித்து விக்டோரிய இங்கிலாந்து வளர்த்த எண்ணங்களுக்கே நெருக்கமானவை. அல்லெக்ரியின் உடன்பாடகர்களுக்கு அவை விளங்கியிருக்குமா என்பது ஐயம்.

ஆயினும் பிழையான பாடம் என்று இதனைத் தள்ளிவிடுவதும் சரியாகாது. ‘மிசரேரே’க்கு நிலையான மூலபாடம் ஒன்று எக்காலத்திலும் இருந்ததில்லை. எழுதப்பட்டது எலும்புக்கூடு, தசையைப் பாடகர்கள் சேர்த்தனர். அது பாயியின் காலத்தில் ஒருவிதமாகவும் மெண்டல்சன் கேட்டபோது ஒருவிதமாகவும் இருந்தது. இவ்வரிசையில் கேம்பிரிட்ஜ் வடிவம் மேலும் ஒரு படிவு. முன்னைய மாற்றங்களைப் பாடகர்கள் அறிந்து செய்தனர். இம்மாற்றத்தை அச்சுக்கூடம் அறியாமல் செய்தது. அறிந்து செய்ததை மரபு என்றும் அறியாமல் செய்ததைப் பிழை என்றும் பிரிப்பது பதிப்பாசிரியர்க்குத் தேவையான பிரிவினைதான். கேட்போரின் வரலாற்றை எழுதுவோர்க்கு அப்பிரிவினை போதாது. அறுபது ஆண்டுகளாக மக்கள் கேட்டு உருகிய ஒரு சுரத்தை அடிக்குறிப்பு ஒன்றால் நீக்கிவிட இயலாது.

ஒலிப்பதிவு இம்மரபுக்கு இழைத்த உண்மையான மாற்றம் வேறு. அது வேறுபாட்டை நிறுத்தியது. ஏடு எளியதாக இருந்தவரை ஒவ்வொரு குழுவும் தன் நிரப்புதலைச் செய்யவேண்டியிருந்தது. பதிவு பரவியபின், அடுத்துப் பாடிய குழுக்கள் எவ்வாறு ஒலிக்கவேண்டும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தன. 1980இல் பீட்டர் ஃபிலிப்ஸின் தலைமையில் டாலிஸ் ஸ்காலர்ஸ் குழு ஆக்ஸ்ஃபர்டின் மெர்ட்டன் கல்லூரிச் சிற்றாலயத்தில் செய்த பதிவு, இலத்தீனுக்குத் திரும்பியது. மேற்குரலைப் பெண் பாடகர் ஒருவர் பாடினார். ஆனால் உச்சச்சுரம் மாறவில்லை. அதை விட்டுவிடும் துணிவு அக்காலத்தில் பலருக்கு வரவில்லை. வந்திருந்தால் தட்டு விற்றிருக்குமா என்பதும் கேள்வியே.

ஒலிப்பதிவுக்குப் பின்

1990கள் தொட்டு, பழைய அலங்கார அசைவுகளை மீட்டுப் பாட முயன்ற பதிவுகள் வரத் தொடங்கின. 2015இல் சிஸ்டைன் சிற்றாலயப் பாடகர் குழுவே, மாஸ்ஸிமோ பலோம்பெல்லாவின் தலைமையில், அச்சிற்றாலயத்தினுள் பதிவுசெய்த இசைத்தொகுப்பில் ‘மிசரேரே’யை 1661ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படியின் அடிப்படையில் பாடியது. அதில் அந்த உச்சச்சுரம் இல்லை. பாடல் தணிந்தும் அமைதியாகவும் செல்கிறது. ஐந்து குரல் அடியும் நான்கு குரல் அடியும் ஒரே எடையில் நிற்கின்றன. பழக்கப்பட்ட செவி, நான்கு குரல் அடி ஒவ்வொன்றிலும் வராத ஒன்றுக்காகக் காத்திருந்து ஏமாறுகிறது. பாடம் திருத்தப்பட்டபின்னும் நினைவு திருந்தாமல் நிற்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை. ‘கஸ்த்ராத்தி’ மறைந்துவிட்ட இன்றைய சிஸ்டைன் குழுவிலும் மேற்குரல் பாடுவோர் சிறுவர்களே என்பதையும் இங்கே சேர்த்துக் கருதவேண்டும். மூலத்துக்கு மிக அருகில் செல்லும் முயற்சியிலும் மூலத்தின் குரல் திரும்பிவர வழியில்லை. வரவேண்டும் என்று விரும்பவும் யாருமில்லை.

1963ஆம் ஆண்டுப் பதிவு பாலஸ்திரீனாவின் ஆக்கங்களோடு குறுந்தகடாக மறுவெளியீடு பெற்று இன்றும் விற்பனையில் உள்ளது. வில்காக்ஸ் 1974இல் கிங்ஸ் கல்லூரியை விட்டு இலண்டன் அரச இசைக் கல்லூரியின் தலைவராகி, 2015இல் தம் 95ஆம் வயதில் மறைந்தார். குட்மன் வயலின் கலைஞராகவும், பழைய கருவிகளில் பழைய இசையை வாசிக்கும் குழுக்களின் நடத்துநராகவும் அறியப்பட்டார். வரலாற்று நெறிப்படி இசைப்பதையே தம் தொழிலாகக் கொண்ட ஒருவரின் பெயர், வரலாற்றுக்கு ஒவ்வாத ஒரு சுரத்தோடு நிலையாகப் பிணைந்துவிட்டது.

சிறுவனின் மேற்குரல் அதன் முழு வலிமையில் நிற்பது இரண்டொரு ஆண்டுகளே. 1963இல் பாடிய எவருக்கும் அடுத்த சில ஆண்டுகளுக்குப் பின் அப்பகுதியைப் பாட இயன்றிருக்காது. ஆங்கிலிக்கத் தேவாலயங்களில் இப்பாடல் சாம்பல் புதனோடு சேர்ந்துவிட்டது. தவக்காலம் தொடங்கும் அந்நாளின் மாலை வழிபாட்டில், பன்னிரண்டோ பதின்மூன்றோ வயதுள்ள வேறொரு சிறுவன் குழுவிலிருந்து சற்று விலகி நின்று, ராக்ஸ்ட்ரோவின் கட்டுரையில் ஒட்டுப்போட்ட அவ்விடத்தை ஐந்து முறை பாடுகிறான்.